சுலோஜனா ரீச்சர் தனக்குப் போட்ட புள்ளி

மற்றவர்களைப் புகழச் சொன்னால் சுலோஜனா ரீச்சர் மத்தியானம் வரை புகழுவார். பள்ளிக்கூடம் கூட்ட வருகிற மனிசியின் கைச்சுத்தம், பஸ் சாரதியின் நிதானம், பக்கத்துப் பள்ளிக்கூட அதிபரின் நேரம் தவறாமை என்று யாரிடமும் அவருக்கு ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும். தன்னைப் பற்றி மட்டும் ஒரு நல்ல சொல் சொல்லத் தெரியாது. அப்படித்தான் வளர்த்தார்கள். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேரை அப்படித்தான் வளர்த்தார்கள். நிறைகுடம் தளும்பாது என்று சொல்லிச் சொல்லியே, நிறைந்த குடம் எது வெறுங்குடம் எது என்று ஒருத்தருக்கும் தெரியாமல் செய்துவிட்டார்கள்.

ரீச்சருக்கு வயது நாற்பத்தெட்டு. வீடு உப்புவெளியில். கணவர் குகதாசனுக்குத் துறைமுகப் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை. விடிய ஐந்தே முக்காலுக்குக் கரையோர வீதியால் போகும் பஸ்சைப் பிடித்து, குச்சவெளிக்கும் அப்பால் தாழைமுனையில் ரீச்சர் இறங்குவார். கரைவலை இழுக்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற, ஒன்பதாம் வகுப்போடு முடிகிற சின்னப் பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது. அதற்கு அவர் பதினொரு வருடமாகப் பதில் அதிபர். பதில் அதிபர் என்றால் அதிபருடைய வேலை முழுக்க உண்டு, அதிபர் என்ற நியமனம் மட்டும் இல்லை. கலியாண வீட்டில் அடுப்படிக்குப் பொறுப்பாக நிற்கிறவர் மாதிரித்தான். எல்லோரும் சாப்பிடுவார்கள், படத்தில் அவர் இருக்கமாட்டார்.

அவர் பொறுப்பெடுத்தபோது வரவு இடாப்பில் பத்தொன்பது பெயர்கள் இருந்தன, அதிலும் பாதிப் பேர் வருவதில்லை. காரணம் கடல். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கடல் அடங்கிக் கிடக்கும் காலம். தாழைமுனையில் தாயும் தகப்பனும் விடிய முதலே வலை இழுக்கப் போய்விடுவார்கள், பெரிய பிள்ளை சின்னதுகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கவேண்டும். வலை கரையேறி, மீன் பிரித்து, தாய் திரும்பி வர எட்டரையாகும். அதற்குப் பிறகு பிள்ளை ஓட்டமாக ஓடி வந்தாலும், ஏழரைக்கே இடாப்பு மூடி, வரவில்லை என்ற அடையாளமும் விழுந்திருக்கும். நாலு நாள் அப்படி விழுந்தால் ஐந்தாம் நாள் பிள்ளை வராது. வந்தும் வராத கணக்கென்றால் எதற்கு வருவான்?

சுலோஜனா ரீச்சர் யாரையும் கேட்காமல் இடாப்பை ஒன்பது மணிக்கு மூடத் தொடங்கினார். முதல் இரண்டு பாடத்துக்கும் சித்திரமும் வாசிப்பும் வைத்தார், கணிதத்தைப் பத்து மணிக்குத் தள்ளினார். அவ்வளவுதான் அவர் செய்தது. பதினொரு வருடத்தில் பத்தொன்பது நாற்பத்துமூன்று ஆனது. கல்வித் திணைக்களச் சுற்றுநிருபப்படி பார்த்தால் அது பிழை. அது அவருக்கும் தெரியும். வலயக் கல்விக் கந்தோரிலிருந்து வாகனம் வரும் சத்தம் கேட்டால் முதலில் ஒளிக்க இடாப்பைத்தான் தேடுவார்.

அந்த வருடம் மாசி மாதம் பயிற்சி வந்தது. பெயர் நீளமானது: பாடசாலைத் தலைமைத்துவ விருத்தியும் வழிகாட்டலும். வெளிநாட்டு உதவி, ரவுணில் குளிரூட்டிய மண்டபம், ஐந்து நாள், மத்தியானம் கோழிக்கறியோடு சோறு. மாவட்டம் முழுவதிலிருந்தும் இருபத்தாறு பதில் அதிபர்கள் வந்தார்கள், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தவர்கள் இருட்டோடு வெளிக்கிட்டு வந்தார்கள். நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த சப்ரினா என்ற பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், நல்ல பிள்ளை. முதல் நாள் பத்திரிகைத் தாளால் கோபுரம் கட்டச் சொன்னார். ஐம்பது வயது மனிதர்கள் நிலத்தில் குந்தியிருந்து கோபுரம் கட்டினார்கள். மூதூர்ப் பக்கத்துப் பதில் அதிபர் லாபிர் கட்டியது இரண்டு தரம் சரிந்தது.

"என்ட பள்ளிக்கூடத்துக் கூரையும் இப்படித்தான் மிஸ், எனக்குப் பழகிப் போச்சு" என்றார் லாபிர்.

கேலி செய்கிறேனே தவிர, அந்த ஐந்து நாளும் சுலோஜனா ரீச்சருக்குச் சந்தோசமான நாட்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் என்ன கஷ்டம் என்று ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டு கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. பயிற்சி முடிந்த பிறகு ஆளுக்கொரு வழிகாட்டி வருவார், பள்ளிக்கூடத்துக்கே வந்து கூட நிற்பார் என்றும் சொன்னார்கள். அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பதினொரு வருடம் தனியாக நின்றவருக்குக் கூட நிற்க ஒரு ஆள் என்றால் சும்மாவா?

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணி கிட்டுகிற நேரம் சப்ரினா சுயமதிப்பீட்டுப் படிவத்தைக் கொடுத்தார். நாற்பது வரிகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை தனக்குத் தானே புள்ளி போடவேண்டும்.

"ஒளிக்காமப் போடுங்க. இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான். எதில குறைவு எண்டு தெரிஞ்சாத்தான் அதுக்கேத்த வழிகாட்டிய அனுப்பலாம்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

இருபத்தாறு பேரும் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு குனிந்தார்கள். "அஞ்சு கடவுளுக்கு, நாலு பணிப்பாளருக்கு, மிச்சம்தான் எங்களுக்கு" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அப்படியே போட்டும் வைத்தார்கள். தனக்குத் தானே ஐந்து போடுவது எங்கள் ஆட்களுக்குச் சபையில் சட்டையைக் கழற்றுவது மாதிரி.

சுலோஜனா ரீச்சர் அவர்களிலும் ஒரு படி மேலே போனார். பெற்றோருடன் நல்லுறவைப் பேணுகிறேன் என்று ஒரு வரி. தன் பிள்ளையை அடித்ததை ரீச்சர் தட்டிக் கேட்டதற்காக இரண்டு வருடமாக முகம் கொடுக்காத ஒரு தகப்பன் ஞாபகம் வந்தார். இரண்டு போட்டார். ஆசிரியர்களை ஊக்கப்படுத்துகிறேன் என்று இன்னொரு வரி. போன மாதம் விஞ்ஞான ஆசிரியை மேல் எரிந்து விழுந்தது ஞாபகம் வர, முதலில் போட்ட மூன்றை அழித்து இரண்டாக்கினார். பிள்ளைகளின் வரவு உயர்ந்துள்ளது என்ற வரியில் நாற்பத்துமூன்றை மறந்து, இன்னும் ஒழுங்காக வராத நாலு பிள்ளைகளை நினைத்தார். அதற்கும் இரண்டு. சுற்றுநிருபங்களைப் பின்பற்றுகிறேன் என்ற வரிக்கு, வேறு வழியில்லை, ஒன்று. கூட்டினால் இருநூறுக்குத் தொண்ணூற்றொன்று. பள்ளிக்கூடத்தை அவ்வளவு தெரிந்தவர் என்பதால்தான் அவ்வளவு குறைக்க முடிந்தது.

லாபிர் ஜும்ஆத் தொழுகைக்குப் போகவேண்டும். மணிக்கூட்டைப் பார்த்தார், ஒரு வரியும் வாசிக்காமல் மேலிருந்து கீழே நாலு, நாலு, நாலு என்று இறக்கினார், தாளைக் கொடுத்துவிட்டு ஓடினார்.

பங்குனியில் வழிகாட்டி வந்தார். வலயக் கந்தோரைச் சேர்ந்த இராகுலன் என்ற உத்தியோகத்தர். வந்த முதல் நாளே ஒன்பது மணி இடாப்பைக் கண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை நான் காணேல்லை ரீச்சர். நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நடக்கிறது நடக்கட்டும்" என்றார். நல்ல வழிகாட்டி. அப்படிப்பட்டவர்கள் இருப்பதால்தான் எங்கள் பள்ளிக்கூடங்கள் பூட்டாமல் கிடக்கின்றன.

வைகாசியில் கடிதம் வந்தது. பதில் அதிபர்களில் யாரை நிரந்தரமாக்குவது, யாரை எழுப்பிவிட்டுப் பரீட்சை எழுதித் தெரிவானவர்களை இருத்துவது என்று மேலிடத்தில் ஒரு முடிவு எடுக்கவேண்டி வந்ததாம். முடிவெடுக்க ஒரு அளவுகோல் வேண்டுமே. பயிற்சியில் போட்ட சுயமதிப்பீட்டுப் புள்ளிகள் கணினியில் கிடப்பது யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது. நூற்றிருபது அல்லது அதற்கு மேலே என்றால் இருக்கலாம், கீழே என்றால் எழும்பலாம். இதை யார் முடிவெடுத்தது என்று கடைசி வரை தெரியவில்லை. யாரைக் கேட்டாலும் மேலே கையைக் காட்டினார்கள், மேலே போய்க் கேட்டால் கணினியைக் காட்டினார்கள். இருபத்தாறு பேரில் இருபத்திரண்டு பேர் கீழே. லாபிருக்கு நூற்றறுபது. அவர் ரீச்சருக்குப் போன் எடுத்து, "அல்லாஹ்வே, நான் வாசிக்கவே இல்லையே ரீச்சர்" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல்.

சப்ரினாவும் போன் எடுத்தார். அழுதார் என்றுதான் ரீச்சர் சொன்னார். "நான் அந்தப் படிவத்த அதுக்காக எடுக்கல்ல ரீச்சர், சத்தியமா. மெயில் போட்டன், நேர போயும் சொன்னன். திட்டம் முடிஞ்சிட்டுது, இனி உங்களுக்கு இதில கதை இல்ல எண்டுறாங்க." கடைசியில் ரீச்சர்தான் அந்தப் பிள்ளையை ஆற்றித் தேற்றிப் போனை வைத்தார்.

ஒரே ஒரு வழி இருந்தது. மேன்முறையீடு செய்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். இராகுலன் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்: "பத்து வரியைத் திருப்பிக் கேப்பினம். நீங்கள் ரெண்டு போட்ட வரியள்தான் அனேகமா வரும். அஞ்சு எண்டு சொல்லுங்கோ, அவை அஞ்சு எண்டு திருத்துவினம். உங்களுக்குத் தேவை இன்னும் இருபத்தொன்பது. பத்துத் தரம் அஞ்சு எண்டு சொன்னால் சரி. வேற ஒண்டும் கதைக்க வேண்டாம்."

"பத்துத் தரமோ சேர்?"

"பத்துத் தரம்தான் ரீச்சர்."

மேன்முறையீட்டுக் கடிதத்தை லாபிர் எழுதிக் கொடுத்தார். இரண்டு பக்கம், வாசிக்கக் கண் கலங்கும். ரீச்சர் வாசித்தார், கண் கலங்கவில்லை, சிவப்புப் பேனாவை எடுத்தார். 'தனி ஒருவராக' என்பதை வெட்டினார். 'அயராத உழைப்பால்' வெட்டுப்பட்டது. 'பத்தொன்பதை நாற்பத்துமூன்றாக்கினார்' என்பதை 'நாற்பத்துமூன்று ஆனது' என்று திருத்தினார். மிஞ்சியது அரைப் பக்கம். குகதாசனுக்குப் பொறுமை போய்விட்டது. "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் சுலோ. உன்ர வாயால உன்னை நல்லம் எண்டு ஒருக்காச் சொல்ல ஏலாதா உனக்கு?" என்று கேட்டார். ஏலும் என்றுதான் ரீச்சர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளைகளை நினைத்தார், ஏழரைக்கு இடாப்பு மூடினால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று விரல் விட்டு எண்ணினார். ஆனியில் நேர்முகத்துக்குப் போகும்போது பஸ் முழுக்க அஞ்சு, அஞ்சு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். பக்கத்திலிருந்த பெண் செபம் என்று நினைத்திருப்பார்.

மூன்று பேர் இருந்தார்கள். நடுவிலிருந்த அம்மாவுக்கு நல்ல முகம். பேனாவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு தொடங்கினார். "பெற்றோருடன் நல்லுறவு. ரெண்டு போட்டிருக்கிறீங்கள் ரீச்சர். இப்ப கேட்டால் எத்தினை போடுவீங்கள்?"

ஐந்து என்று சொல்லத்தான் ரீச்சர் வாயைத் திறந்தார். முகம் கொடுக்காத அந்தத் தகப்பன் நினைவில் வந்து நின்றார்.

"மூண்டு" என்றார்.

அந்த அம்மா எழுதவில்லை. "அவசரமில்லை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"மூண்டு போடலாம் மெடம். முந்தியைவிட இப்ப பரவாயில்லை. ஆனா அது நான் செய்ததில்லை, தாய்மார்தான் ஒத்துழைச்சவை."

அடுத்த வரிக்கும் மூன்று. அதற்கடுத்த வரிக்கு நாலு என்று வந்தது, வந்த வேகத்திலேயே "இல்லை, மூண்டு" என்று தானே இறக்கினார். அந்த அம்மா இரண்டு தரம் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அதற்கு மேல் அவர் என்ன செய்வார்? தான் கேட்கிற கேள்விக்குத் தானே விடை சொல்ல ஏலாதே. பழக்கம் விடவில்லை, ஐந்து என்ற சொல் அந்த அறையில் ரீச்சரின் வாயிலிருந்து ஒரு தரமும் வரவில்லை.

ஒன்பதாவதாகச் சுற்றுநிருபம் வந்தது. "இதுக்கு ஒண்டு போட்டிருக்கிறீங்கள். ஒண்டு எண்டால் என்ன காரணம்?" என்று கேட்டார் அந்த அம்மா.

ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ என்று இராகுலன் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் முகத்தைப் பார்த்து என்ன காரணம் என்று கேட்கிறவரிடம் ஒளிக்க ரீச்சருக்குத் தெரியாது. சொன்னார். வலை எப்போது கரையேறும், தாய் எப்போது வீட்டுக்கு வருவாள், பிள்ளை எந்த ஒழுங்கையால் ஓடி வரும், ஒன்பது மணிக்கு இடாப்பு மூடும்போது எத்தனை பேர் என்று முழுக்கச் சொன்னார். நேர்முகம் முழுவதிலும் அவர் குரல் தெளிவாக இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான். ஓரத்திலிருந்தவர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். தனக்குச் சாதகமாக எழுதுகிறார் என்று நினைத்து ரீச்சர் இன்னும் விளக்கமாகச் சொன்னார்.

"ஒன்பது மணிக்கோ?" என்று கேட்டார் எழுதியவர்.

"ஓம் சேர்."

ஒன்பது வரியில் ஒவ்வொரு புள்ளி ஏறியது, சுற்றுநிருபம் ஒன்றிலேயே நின்றது. கூட்டினால் சரியாக நூறு. அந்த அம்மா பேனாவை மூடினார். "நாங்கள் என்ன செய்யிறது ரீச்சர், நீங்களே சொல்லுறீங்கள்" என்றார். அவருக்கும் கவலைதான்.

வெளியே வாங்கில் குந்திக் காத்திருந்த குகதாசன் எழும்பி வந்தார். "சொன்னியா?"

"கொஞ்சம் ஏத்தித்தான் சொன்னனான்" என்றார் ரீச்சர். தன்னைப் பெருப்பித்துச் சொல்லிவிட்டோமே என்று அன்று முழுக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. பார்த்தீர்களா, இப்படிப்பட்ட மனிசியை என்ன செய்வது? எனக்குக் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆடியில் ரஜீவன் அதிபராக வந்தார். ரீச்சரைவிட இரண்டு வயது குறைவு, பரீட்சையில் நன்றாகச் செய்தவர், ஒரு பள்ளிக்கூடத்தையும் அதுவரை நடத்தியதில்லை. மரியாதை தெரிந்த மனிதர். அதிபர் கதிரையில் இருக்க முதல், "இருக்கட்டே ரீச்சர்?" என்று கேட்டார். அவருடைய நியமனக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி தனியாக இருந்தது: இப்பாடசாலையில் வரவு இடாப்பு தினமும் ஏழு முப்பதுக்கு மூடப்பட்டு, மாதாந்தம் அறிக்கையிடப்படல் வேண்டும். நேர்முகத்தில் ரீச்சர் சொன்னதிலிருந்து பிறந்த வரி. ரஜீவன் அதை அவருக்கே காட்டினார். "எனக்கும் விருப்பமில்லை ரீச்சர். ஆனா எழுத்தில வந்திட்டுது."

அதே கிழமை ரீச்சருக்கும் ஒரு கடிதம் வந்தது. புதிய அதிபர்களுக்கும் பயிற்சி உண்டு, ஆளுக்கொரு வழிகாட்டியும் உண்டு. பதினொரு வருட அனுபவத்தைக் கருத்திற் கொண்டு, ரஜீவனுக்கு வழிகாட்டியாகச் சுலோஜனா ரீச்சர் நியமிக்கப்பட்டிருந்தார். அதிபராக இருக்கத் தகைமை போதாதவர் அதிபருக்கு வழிகாட்டலாம். அதை ரீச்சர் சொன்னபோது லாபிர் சிரிக்கத் தொடங்கிவிட்டு, பாதியில் நிறுத்திவிட்டார்.

ரீச்சர் மறுக்கவில்லை. வழிகாட்டல் பதிவேட்டில் இரண்டு நிரல்கள். ஆலோசனை என்ற நிரலில், இடாப்பை ஒன்பது மணிக்கு மூடுவது நல்லது என்று முதல் நாளே எழுதினார். ரஜீவன் அதை இரண்டு தரம் வாசித்தார், நடவடிக்கை என்ற நிரலில் 'நடைமுறைப்படுத்த இயலாது' என்று எழுதினார், அவர் எழுதக்கூடியது அது ஒன்றுதான். ரீச்சர் கீழே கையெழுத்து வைத்தார். அடுத்த கிழமையும் அதையே எழுதினார், அவரும் அதையே எழுதினார். ஆவணி முடிவில் ஏழரைக்கு இடாப்பு மூடும்போது வகுப்புகளில் இருபத்தாறு பேர். எட்டரைக்குப் பிறகு ஓடி வந்துகொண்டிருந்தவர்கள் ஓடி வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாள் பாடம் முடிந்ததும் ரீச்சர் கடற்கரைக்கு நடந்தார். எட்டாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை ஒன்று பன்னிரண்டு நாளாக வரவில்லை என்று, அதன் தாய் சோபனாவைத் தேடிப் போனார். சோபனா மீன்வாடிக் கொட்டிலுக்கு முன்னால் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். ரீச்சரைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"வந்தாலும் வராத மாதிரித்தானே ரீச்சர் எழுதுகினம். பிறகென்னத்துக்கு அவள் ஓடவேணும்?"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ சோபனா. அனுப்புங்கோ. நான் அங்க நிக்கிறன்தானே."

சோபனா சுற்றும் முற்றும் பார்த்தார். கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார். "ரீச்சர், குறை நினையாதேங்கோ. நீங்கள் அங்க ரவுணில ஏதோ சோதினையில பெயிலாப் போனீங்களாம். அதாலதான் உங்களை இறக்கினதாம். உண்மையே?"

அது சோதனை இல்லை, தானே தனக்குப் போட்ட புள்ளி என்று விளங்கப்படுத்தலாம். விளங்கப்படுத்த வேண்டுமென்றால், நான் நன்றாகத்தான் நடத்தினேன் என்றுதான் தொடங்கவேண்டும்.

"ஓம்" என்றார் ரீச்சர்.

"அதுக்கென்ன ரீச்சர். ஆருக்குத்தான் வாறேல்லை." சோபனா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "கவலைப்படாமல் நல்லாப் படிச்சுத் திருப்பி எடுங்கோ. நீங்கள் பாஸாகி வந்தோண்ண நான் பிள்ளையை அனுப்புறன். கட்டாயம் அனுப்புவன்."

"படிக்கிறன்" என்றார் சுலோஜனா ரீச்சர்.